விரிப்பின் முதுகுப்புறம்: ஒரு வீட்டின் இயற்கை நார்த் தேர்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீட்டார் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார்கள். செயற்கை இழை விரிப்புகள் அனைத்தையும் அகற்றிவிட்டு, எல்லா அறைகளிலும் சணல் விரிப்பு போட வேண்டும் என்பது அந்த முடிவு. சூழலுக்கு உகந்த வீடு கட்டியாகிவிட்டது, சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு வந்துவிட்டது, தரைதான் பாக்கி என்றார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது மட்டுமே என் வேலை என்று நினைத்திருந்தார்கள். நிறத்துக்கு முன்னால் வேறு சில கேள்விகள் இருந்தன.

வீட்டில் வசிப்பவர்கள் கணவன், மனைவி, தவழத் தொடங்கியிருக்கும் குழந்தை, ஊன்றுகோலுடன் நடக்கும் பாட்டி, ஒரு பூனை. வாசல் நேராக மண் முற்றத்தில் திறக்கிறது. கூடத்தில் மேற்குப் பார்த்த உயரமான இரண்டு ஜன்னல்கள். பிற்பகல் வெயில் தரையில் நீண்டு விழும். பாட்டியின் அறை கீழ்த்தளத்தில். அதன் வெளிச்சுவர் மழை மாதங்களில் வியர்க்கும். தம்பதியின் படுக்கையறை மாடியில், உலர்ந்தது, நிழலானது. இடையில் ஒரு சமையலறை, ஒரு படிக்கட்டு. இந்த விவரங்கள்தாம் பின்னால் வந்த எல்லா முடிவுகளையும் தீர்மானித்தன. நாரின் பெயருக்கு அதில் இரண்டாம் இடம்தான்.

ஏற்கெனவே இருந்தவை

புதியதை வாங்குவதற்கு முன் பழையதைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். கூடத்தில் கிடந்தது எந்திரத்தில் நெய்த, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைக் கம்பளம். ஓர் இழையைப் பிய்த்து நெருப்பில் காட்டியதும் அது உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றது. கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். எஞ்சும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் சணலும் காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகிவிடும். ஆகவே கூடத்துக் கம்பளத்தைப் பற்றி ஐயம் இல்லை. அதை விற்றவர்களும் அது இயற்கையானது என்று சொல்லவில்லை.

படுக்கையறையில் கிடந்த பளபளப்பான விரிப்புதான் சுவையான பொருள். மூங்கில் பட்டு என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. மூங்கிலும் இயற்கை, பட்டும் இயற்கை என்று நம்பி வாங்கியிருந்தார்கள். உண்மையில் அது விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, நுண்துளைகள் வழியாகப் பீய்ச்சி மீண்டும் இழையாக்குகிறார்கள். மூலப்பொருள் செடிதான் என்றாலும், வழியில் நடப்பது முழுக்க வேதியியல். கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளரின் நரம்புகளைப் பாதிக்கும் நச்சு. இத்தகைய துணியை வெறுமனே மூங்கில் என்று விற்பதற்கு எதிராக அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009-லிருந்து பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறது.

நெருப்புச் சோதனை இங்கே கைகொடுக்காது. விஸ்கோஸும் பருத்தியைப் போலத் தாவரப் பொருளான செல்லுலோஸ் என்பதால் காகிதம் போலவே எரியும். காட்டிக் கொடுப்பது தண்ணீர். நனைந்த விஸ்கோஸ் தன் வலுவில் பாதியளவை இழக்கும். நனைந்தால் மேலும் வலுப்பெறும் பருத்திக்கு நேர் எதிர். அந்த விரிப்பில் குழந்தையின் பால் சிந்திய இடமெல்லாம் மஞ்சளித்து விறைத்துப் போயிருந்தது. துடைக்கத் துடைக்க இழை உதிர்ந்ததாக வீட்டு அம்மா சொன்னார். அவர் துடைத்ததில் தவறில்லை, அந்த இழையின் குணம் அப்படி.

மாதிரியின் மணம்

புதிதாக வாங்குவதற்கு மாதிரியாக ஒரு சணல் விரிப்பை வாங்கி வந்து கூடத்தில் போட்டிருந்தார்கள். நான் போன அன்று வீடு முழுக்க ஒரு வாசனை. இயற்கையான சணல் மணம்தானே என்று கணவர் கேட்டார். பாதி சரி.

அதில் இரண்டு வாசனைகள் கலந்திருந்தன. முதலாவது மண்ணெண்ணெயை நினைவூட்டும் வாடை. சணல் நார் விறைப்பானது. நூற்பதற்கு முன்னால் எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தைத் தெளித்து அதை மென்மையாக்குவார்கள். காலங்காலமாக அதற்குக் கனிம எண்ணெய்தான் பயன்பட்டு வந்தது. சாக்குப் பைகளில் நாம் முகர்வது அதைத்தான். உணவுப் பொருள் அடைக்கும் சாக்குகளில் அந்த எண்ணெயின் ஹைட்ரோகார்பன்களுக்கு வரம்பு வந்தபின், தவிட்டு எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களைக் கொண்டு செய்யும் சணலும் சந்தையில் உண்டு. விரிப்புக்கும் அதைக் கேட்டு வாங்க முடியும், கேட்பவர்கள்தான் குறைவு.

இரண்டாவது வாசனை முதுகுப்புறத்திலிருந்து வந்தது. விரிப்பைத் திருப்பியபோது வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் பூச்சு, அதன்மேல் ஒட்டிய செயற்கை வலை. ஸ்டைரீன் பியூட்டடீன் எனும் செயற்கை லேடெக்ஸ். புதுக் கம்பள வாசனை என்று பலர் விரும்பி முகர்வது பெரும்பாலும் இந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் 4-ஃபீனைல்சைக்ளோஹெக்சீன் என்ற வேதிப்பொருளைத்தான். மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் பொருள் இது. 1987-88-இல் வாஷிங்டனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைமையகத்திலேயே புதுக் கம்பளம் விரித்த பிறகு ஊழியர்கள் கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் தொல்லை என்று முறையிட்டார்கள். சந்தேகம் இந்த வேதிப்பொருளின் மீதும் விழுந்தது. அதுதான் காரணம் என்று ஐயமற நிறுவப்படவில்லை. ஆனால் கம்பளங்களிலிருந்து காற்றில் கலப்பவற்றை அளக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அதன் பிறகுதான். 1992-இல் அந்நாட்டுக் கம்பள உற்பத்தியாளர் சங்கம் இதற்கென ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது.

வீட்டாருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நூறு சதவீதம் இயற்கை நார் என்று சீட்டில் இருந்தால், அது முகத்தை, அதாவது விரிப்பின் மேற்புறத்தைப் பற்றிய வாக்கியம். முதுகைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை தவழ்வது முகத்தின் மேல். ஆனால் அறையின் காற்றில் கலப்பதும், நாளடைவில் பொடியாகித் தரையில் படிவதும், கடைசியில் மக்காமல் கிடப்பதும் முதுகுதான். ஆகவே முதல் நிபந்தனை தெளிவானது. பூச்சும் பசையும் இல்லாமல், நெய்தோ பின்னியோ முடிச்சிட்டோ செய்த விரிப்புகளை மட்டுமே பார்ப்பது.

இந்த ஒரு நிபந்தனையே கடையில் இருந்தவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டது. கையால் செய்தது என்று விற்கப்படும் கம்பளி விரிப்புகளிலும் பல, துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் நூலைக் குத்திச் செருகி, நூல் கழன்றுவிடாமல் இருக்கப் பின்னால் லேடெக்ஸ் பூசி, அதை ஒரு துணியால் மூடியவை. சில ஆண்டுகளில் அந்த லேடெக்ஸ் வறண்டு மாவாக உதிரத் தொடங்கும். அடையாளம் காண்பது எளிது. கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் பின்புறத்தில் முன்புறத்துக் கோலம் அப்படியே தெரியும். பின்புறத்தைத் துணி போட்டு மூடியிருந்தால் எதற்காக மூடினார்கள் என்று கேட்கலாம்.

நாருக்கு நார் ஈரம்

இயற்கை நார் எல்லாமே ஈரத்தோடு உறவு வைத்திருக்கும். எந்த வகை உறவு என்பதில்தான் வேறுபாடு, அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன.

சணல் தண்டின் பட்டையிலிருந்து உரிக்கும் நார். காலுக்கு மென்மையாக இருக்கும், பார்வைக்கும் பொன்னிறம். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். நனைந்து மெதுவாக உலர்ந்தால் பழுப்பு வளையம் விழும். அதில் உள்ள லிக்னின், அதாவது செடிக்கு விறைப்பைத் தரும் பொருள், வெயில் பட்டு மஞ்சளித்துப் பின் மங்கும். வாரக்கணக்கில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் அறையில் அடிப்புறத்தில் பூஞ்சை பிடிக்கும். பாட்டியின் அறைக்குச் சணல் ஒத்துவராது என்பதும், மேற்கு ஜன்னல் அடியிலும் ஒத்துவராது என்பதும் இதிலேயே முடிந்துவிட்டன.

சைசல் என்பது கற்றாழை இனச் செடியின் இலை நார். மெக்சிகோவின் யுகடான் பகுதித் துறைமுகத்தின் பெயரே அதற்கு வந்தது. கப்பல் கயிறாகத் திரித்த நார் என்பதால் தேய்மானத்தைத் தாங்கும் வலுவுக்குக் குறையில்லை. நிறமும் ஏற்கும். ஆனால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். வெறும் தண்ணீர்த் துளியே கறையாக நிற்கும். தவழும் குழந்தையின் முழங்காலுக்கு அது கரடுமுரடு.

தேங்காய் நாரின் கதை வேறு. அதில் லிக்னின் 40 சதவீதத்துக்கும் மேல். சணலில் 12 முதல் 14 சதவீதம்தான். அதனால்தான் உப்பு நீரில் கிடந்தாலும் எளிதில் மட்குவதில்லை. வாசலில் செருப்பு மண்ணைச் சுரண்டி எடுக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை; அறைக்குள் வெறுங்காலோடு நடக்க அதைவிடப் பொருந்தாததும் இல்லை. கடற்புல் என்ற பெயரில் விற்கும் விரிப்பு பெரும்பாலும் உவர்நிலத்தில் வளரும் கோரை வகை. வழுவழுப்பானது, சாயம் ஏற்காது, சிந்தியதை உடனே உறிஞ்சாது. துடைக்க எளிது. ஆனால் ஈர அறையில் அதுவும் பூஞ்சை பூக்கும், படியில் போட்டால் வழுக்கும்.

கம்பளி மட்டும் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்வரை நீராவியை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. சிந்திய நீர் சற்று நேரம் மேலேயே மணியாக நிற்பதால் ஒற்றி எடுக்க அவகாசம் கிடைக்கும். நெருப்புக்கு எளிதில் பிடிகொடுக்காது. பற்றுவதற்கு 570 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும், சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். குறை ஒன்று உண்டு: அதற்கு உண்ண வரும் விருந்தாளிகள். துணி அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் கம்பளியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்னும். சணலையும் சைசலையும் அவை சீண்டுவதில்லை.

அறைவாரியாக

கூடத்துக்கு முதலில் கணவர் விரும்பியது சைசல். பூனையைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். பூனைகள் நகம் தீட்ட வைக்கும் கம்பத்தில் சுற்றுவதே சைசல் கயிறுதான். கூடம் முழுக்க அதை விரித்தால் பூனைக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. குழந்தையின் முழங்காலும் சேர்ந்துகொள்ள, சைசல் விலகியது. வந்தது சாயமிடாத கம்பளியில் தறியில் தட்டையாக நெய்த விரிப்பு. வெள்ளை, பழுப்பு, கறுப்பு எல்லாம் ஆட்டின் இயல்பான நிறங்களே. பிற்பகல் வெயில் விழும் பட்டையை விட்டுவிட்டு, உட்காரும் இடத்துக்கு மட்டும் விரித்தோம்.

அங்கே ஒரு விவாதம் எழுந்தது. பல கம்பளி விரிப்புகள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றப்பட்டு வருகின்றன. பெர்மெத்ரின் பூனைகளுக்கு நஞ்சு. கம்பளியில் இருக்கும் அளவு மிகச் சிறிது, இழைக்குள் பிணைந்தும் இருக்கும். ஆபத்து என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விரிப்பில் படுத்து உடலை நக்கும் விலங்கு வீட்டில் இருக்கும்போது, மருந்து ஏற்றாததை வாங்கி, சோபாவுக்கு அடியிலும் ஓரங்களிலும் வாக்யூம் கிளீனரைத் தவறாமல் ஓட்டுவது மேல் என்று தோன்றியது. அந்துப்பூச்சி இருட்டும் அமைதியும் உள்ள இடத்தைத்தான் தேடும். காலடி பட்டுக்கொண்டே இருக்கும் நடுப்பகுதிக்கு அது வருவதில்லை.

பாட்டியின் அறைக்கு என்ன போடுவது என்று மற்ற எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரே வரியில் சொன்னார்: "வழுக்காமல் இருக்க வேண்டும், தம்பி. கோல் சிக்காமல் இருக்க வேண்டும். மற்றது உங்கள் இஷ்டம்." ஓரம் தடித்த எந்த விரிப்பும் ஊன்றுகோலுக்குப் பொறி. கட்டிலின் பக்கத்தில் மட்டும், தட்டையாக நெய்த பருத்தி ஜமுக்காளம் ஒன்று. அடியில் இயற்கை ரப்பரில் செய்த வழுக்காத வலை. துவைத்து வெயிலில் போடலாம் என்பதே அந்த அறையில் அதற்கு இடம் வாங்கிக் கொடுத்தது. வியர்க்கும் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டோம். சுவரைச் சரிசெய்யாமல் அங்கே பெரிய விரிப்பு எதுவும் கூடாது என்றும் சொன்னேன். பாட்டிக்கு அது கூடுதல் மகிழ்ச்சி. பெருக்க எளிது என்றார்.

சணலுக்கு உரிய இடம் மாடிப் படுக்கையறை. உலர்ந்தது, நிழலானது, வெறுங்கால் மட்டும் படுவது. விஸ்கோஸ் விரிப்பு கிடந்த அதே இடத்தில், சணல் பின்னலைச் சுற்றிச் சுற்றித் தைத்த விரிப்பு, பூச்சில்லாமல், தாவர எண்ணெய் கொண்டு நூற்றது, வந்தது. தேடிப் பிடிக்கக் காலம் பிடித்தது உண்மை.

சமையலறைக்கு ஒன்றும் இல்லை. வாசலில் ஏற்கெனவே தேங்காய் நார்க் கால்மிதி ஒன்று இருந்தது. அதன் முதுகு பிவிசி. வெளியில், திறந்த காற்றில் கிடப்பதைத் தூக்கியெறிந்து புதிது வாங்குவதில் சூழலுக்கு என்ன நன்மை? அது அங்கேயே இருக்கிறது. உள்ளே இன்னொன்று சேர்த்ததில் கூடத்துக் கம்பளிக்குப் போகும் மண் வெகுவாகக் குறைந்தது. விரிப்புகளைத் தேய்ப்பது காலடிகளைவிடக் காலோடு வரும் மணல்தான். இழைகளின் அடிவேரில் உட்கார்ந்து அறுக்கும்.

முத்திரைகள்

கடைக்காரர்கள் காட்டிய சீட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது தீங்கான வேதிப்பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதிப்பது. பாலியஸ்டருக்கும் அது கிடைக்கும். ஆகவே அது இயற்கை நாருக்குச் சான்று ஆகாது. காட்ஸ் முத்திரை அங்கக முறையில் விளைந்த நாருக்கு. குட்வீவ் முத்திரை முற்றிலும் வேறு கேள்விக்கானது: அந்த முடிச்சை ஒரு குழந்தை போட்டதா? கைலாஷ் சத்யார்த்தியின் முன்முயற்சியில் 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது அது. கையால் முடிச்சிட்ட கம்பளம் வாங்குபவர்கள் நாரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. சாயத்தைப் பொறுத்தவரை, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே கட்டுப்படுத்திவிட்டது. அந்த விதிக்கு உட்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்கலாம். சாயமே இல்லாததை எடுத்ததால் இந்த வீட்டுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

பயன்பாட்டில் தெரிந்தவை

கம்பளி முதல் சில மாதங்கள் பஞ்சு உதிர்த்தது. அது குறையல்ல, நூற்கும்போது பிடிபடாத குறு இழைகள் வெளியேறுகின்றன, பிறகு நின்றுவிடும். சுழலும் தூரிகை உள்ள வாக்யூம் முனையைப் போட்டால் மட்டும் உதிர்தல் நிற்காது. வெறும் உறிஞ்சு முனையே போதும். ஒருமுறை சோபாவை நகர்த்தியபோது அடியில் கம்பள வண்டுப் புழுவின் உரித்த தோல்கள் சில தென்பட்டன. விரிப்பை வெளியே எடுத்து இருபுறமும் தட்டி, நல்ல வெயிலில் போட்டு, சோபா இருந்த தரையின் இடுக்குகளைச் சுத்தம் செய்தார்கள். அதன்பின் சோபா ஓரிடத்திலேயே நிற்பதில்லை.

சணல் விரிப்பில் தண்ணீர்க் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. துணியால் ஒற்றி எடுத்து, விரிப்பைத் தூக்கி நிறுத்தி மின்விசிறி காட்டினார்கள். ஆனாலும் மெல்லிய பழுப்பு வளையம் நின்றுவிட்டது. உலரும்போது நாரில் உள்ள கரையும் பொருள்கள் நீரோடு மேலேறி நுனியில் படிவதால் வருவது இது. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க வளையம்தான் பெரிதாகும். ஈர ஷாம்புவும் நீராவிச் சுத்தமும் சணலுக்கும் சைசலுக்கும் கூடவே கூடாது. ஜமுக்காளம் முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கியது, யாரும் கவலைப்படவில்லை.

இந்தத் தேர்வுகளில் ஒன்றும் அப்பழுக்கற்றதல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சணல் நான்கு மாதப் பயிர், உரமும் மருந்தும் குறைவாகவே கேட்கும். ஆனால் தண்டுகளைக் குளங்களில் ஊறப்போட்டு அழுகவைக்கும்போது நீரில் உயிர்வளி வற்றி மீன்கள் சாகும். தேங்காய் மட்டை ஊறும் கழிமுகங்களிலும் அதே நிலை. ஆடு மீத்தேன் விடும்; மேய்ச்சல் மிஞ்சினால் நிலம் மொட்டையாகும். பருத்தியின் தண்ணீர்த் தாகமும் பூச்சிமருந்துத் தேவையும் ஊரறிந்தவை. ஆகவே செயற்கையை எடுத்துவிட்டு அதே பரப்புக்கு இயற்கை நாரை நிரப்புவது பெரிய வெற்றி என்று நான் எண்ணவில்லை. இந்த வீட்டில் உண்மையாகக் கிடைத்த ஆதாயம், விரிப்பு போட்ட பரப்பு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே வந்ததுதான். கடைக்காரர் யாரும் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

பழைய பாலிப்ரொப்பிலீன் கம்பளத்தை என்ன செய்வது என்பதில் வீட்டம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. உடனே வெளியேற்ற வேண்டும் என்றார் அவர். நடக்க நடக்க நுண்ணிழைகளை உதிர்க்கும் பொருள் குழந்தை இருக்கும் இடத்தில் வேண்டாம் என்றார். அதில் நியாயம் உண்டு. ஆனால் குப்பைமேட்டிலும் அது மக்கப் போவதில்லை. கடைசியில் துண்டுகளாக வெட்டி, அதிகம் நடமாட்டமில்லாத சாமான் அறையில் பெட்டிகளுக்கு அடியில் போட்டார்கள்.

படிக்கட்டு இன்னும் முடிவாகவில்லை. அங்கே சைசல் பட்டை போட வேண்டும் என்று கணவர் விடாமல் கேட்கிறார், படியின் தேய்மானத்துக்கு அது ஈடு கொடுக்கும் என்பதும் சரிதான். ஆனால் பாட்டி நாளொன்றுக்கு ஒருமுறையாவது பேரனைப் பார்க்க மாடி ஏறுகிறார். படியின் விளிம்பில் பட்டை சற்றே தளர்ந்தாலும் ஆபத்து. ஒவ்வொரு படியின் மடிப்பிலும் பித்தளைக் கம்பி வைத்து இறுக்கினால், நார் ஓடும் திசை படிக்குக் குறுக்காக அமைந்தால், பூனை அதைத் தொடாமல் இருந்தால், போடலாம். முதல் இரண்டுக்கு ஆள் இருக்கிறார்கள்.